பின்வாசல் ஓட்டக்குழு

அந்த நடுநிலைப் பள்ளியில் இல்லாத வசதி இல்லை. கணினி அறை இருந்தது. நூலகம் இருந்தது. இசை அறை இருந்தது. ஆய்வகமும் இருந்தது. நான்கும் பூட்டிக் கிடந்தன என்பதைக் குறையாகச் சொன்னால் தலைமையாசிரியர் கோபித்துக்கொள்வார். அவருடைய அகராதியில் அதற்குப் பெயர் பராமரிப்பு.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் உறை. கணினிகளுக்கு உறை, ஆர்மோனியத்துக்கு உறை, நுண்ணோக்கிகளுக்கு உறை. அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. அவருடைய கைக்கடிகாரத்தின் முகத்தில் வாங்கிய நாளில் ஒட்டியிருந்த மெல்லிய தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. "அவர் மண்டைக்குள்ள இருக்கறதும் பிரிக்காத சரக்குதான்" என்று கணக்கு டீச்சர் ஆசிரியர் அறையில் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு உறை கூப்பிட்டால் எழுந்து ஓடுவார்கள்.

ஒருமுறை ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கியைத் தடவிக்கொண்டே உறை சொன்னார்: "வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு பாத்தீங்களா?"

"பிள்ளைங்களும் அப்படித்தான் சார்" என்றான் அறிவியல் ஆசிரியன். "வந்த அன்னிக்கு எப்படி இருந்தாங்களோ, அப்படியேதான் போறாங்க."

உறை முகம் மலர்ந்தார். "அதான்யா நம்ம பள்ளி" என்றார்.

அறிவியல் ஆசிரியன் அந்தப் பள்ளியில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. போன வருடம் அவன் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல் என்று போனவள் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவன் அதிகம் பேசுவதில்லை என்பதைப் பார்த்து மற்றவர்கள் துக்கம் என்று நினைத்தார்கள். துக்கமாக இருந்திருந்தால் அவனுக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வந்தது இளக்காரம் மட்டும்தான். ஆறுதல் சொன்னவர்கள்மேல் இளக்காரம், சொல்லாதவர்கள்மேல் இளக்காரம், காலையில் மணி அடித்ததும் வரிசையில் நிற்கிற உலகத்தின் மேலேயே இளக்காரம்.

வீட்டில் அவனும் மகளும் மட்டும். மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. பள்ளி கேட்டுக்கு உள்ளே அவனை "சார்" என்று கூப்பிட வேண்டும், வெளியே வந்தால் "அப்பா". ஆசிரியர் பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் சட்டம். வெளியே வந்தும் அவன் சாராகவேதான் இருந்தான். அவள் எது சொன்னாலும் அவனிடமிருந்து வருவது ஒரு "ம்". மிஞ்சிப்போனால் "சாப்பிட்டியா".

அப்படிப்பட்ட மகள் ஓட்டக்குழுவில் சேர்ந்தபோது அந்த இளக்காரத்தில் ஒரு பங்கு அவளுக்கும் போயிற்று.

ஓட்டக்குழு என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பள்ளியின் அறிவிப்புப் பலகையில் அதற்கு "மாணவர் திறன் வெளிப்பாட்டுக் குழு" என்று பெயர். வேலை எளிது. பள்ளியைப் பார்வையிட அதிகாரிகள் வரும் நாளில் எல்லா அறைகளும் திறந்திருக்க வேண்டும், எல்லா அறைகளிலும் பிள்ளைகள் எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் விட்டால் பொருள்கள் பாழாகும். அதனால் உறை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சொன்னால் சொன்னதைச் செய்கிற, உயரத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற ஒரு கூட்டம் பிள்ளைகள். அவர்கள் முதலில் கணினி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அதிகாரிகள் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்ததும் உறை அவர்களை அங்கிருக்கும் பூந்தொட்டிகளுக்கு முன்னால் நிறுத்தி ஒவ்வொரு செடியாக அறிமுகம் செய்துவைப்பார். அந்த நேரத்தில் பிள்ளைகள் பின்வாசல் வழியாக வெளியே வந்து, கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவில், உடைந்த பெஞ்சுகளையும் தண்ணீர்த் தொட்டியையும் சுற்றிக்கொண்டு, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே தலையைக் குனிந்தபடி ஓடி, நூலகத்தின் பின்வாசலுக்குள் நுழைந்து ஆளுக்கொரு புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அங்கிருந்து இசை அறை. அங்கிருந்து ஆய்வகம். ஆய்வகத்தின் பின்கதவில் வெள்ளை அங்கிகள் தொங்கும். மாட்டிக்கொண்டால் விஞ்ஞானிகள்.

ஒரே முகங்கள் நான்கு அறையிலும் வருவதை எந்த அதிகாரியும் கண்டுபிடித்ததில்லை. அதிகாரிகள் அறைகளைத்தான் பார்ப்பார்கள். பிள்ளைகள் அவர்கள் கண்ணில் நாற்காலிகளைப் போல.

பின்பக்கத்தில் நின்று கையை ஆட்டி அந்த ஓட்டத்தை நடத்துகிறவர் கணக்கு டீச்சர். எல்லாம் முடிந்ததும் பிள்ளைகளின் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள், ஏனென்றால் ஒரு பையன் ஒருமுறை அட்லஸை எடுத்துப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்.

ஆய்வகத்தில் அறிவியல் ஆசிரியனின் வேலை இன்னும் எளிது. நுண்ணோக்கிகளின் கண்வில்லைமேல் கறுப்பு மூடிகள் இருக்கும். உள்ளே தூசி போய்விடும் என்பதால் அவற்றைக் கழற்றக் கூடாது என்பது உறையின் உத்தரவு. பிள்ளைகள் மூடியின்மேல் கண்ணை வைத்துக் குனிந்திருப்பார்கள். யாராவது "என்ன தெரியுது?" என்று கேட்டால் "செல் தெரியுது சார்" என்று சொல்ல வேண்டும். அவன் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும். ஆட்டினான். ஆட்டும்போது அவன் முகத்தில் இருந்த ஏளனத்தை அதிகாரிகள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆய்வுக்கு முந்தின நாள் மாலை மகள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு ஆய்வுக்குழு வருதுப்பா."

"ம்."

"இந்தத் தடவை கல்வித்துறை டைரக்டரே வர்றாராம்."

"ம்."

"லைப்ரரியை எடுத்துடறாங்களாம்பா. புக்கெல்லாம் நாளைக்கே பெட்டியில போட்டு எங்கயோ அனுப்பிடுவாங்களாம்."

அவன் செய்தித்தாளைத் திருப்பினான். அவள் இன்னும் ஏதோ சொல்ல வருவது போல நின்றாள். அவனுக்கு எரிச்சலாக வந்தது.

"பிஸ்கட் எத்தனை பாக்கெட் தருவாங்க நாளைக்கு? டைரக்டர் வேற வர்றார்" என்றான்.

மகள் குழாயை நிறுத்தினாள். "நான் ஓடறதாவது பரவாயில்லப்பா. நீங்க மூடியைக் கழட்டாமலே பாடம் நடத்தறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாய் அவள் அம்மாவுடையது. அவன் செய்தித்தாளைப் பார்த்து "ம்" என்றான்.

மறுநாள் காலை உறையின் அறையில் கூட்டம். சோபாவுக்கும் உறை இருந்ததால் அதில் உட்கார்ந்தவர்கள் அசையும்போதெல்லாம் பிளாஸ்டிக் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு மாற்றம்" என்றார் உறை. "ஆய்வகம் முடிஞ்ச கையோட டைரக்டரை நூலகத்துக்குக் கூட்டிட்டு வருவேன். வாசல்ல புதுப் பலகை. 'எண்ணிம அறிவகம்'. அவர் திரையை இழுப்பார், கதவைத் திறப்போம். உடனே ஆட்கள் உள்ளே போய்ப் புத்தகத்தைப் பெட்டியில அடுக்கணும். பழசு போகுது, புதுசு வருது. ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும்."

"புதுசா என்ன வருது சார்?" என்றார் கணக்கு டீச்சர்.

"பெரிய டிஜிட்டல் திரை, டீச்சர். சுவர் அளவுக்கு."

"அப்ப உறைக்கு அளவு எடுக்கணுமே."

"துணி எடுத்தாச்சு" என்றார் உறை பெருமையாக.

டைரக்டர் வந்தார். காரிலிருந்து முதலில் வாசனை இறங்கியது, பிறகு வயிறு, பிறகு அவர். பின்னால் துணை அதிகாரிகள் இரண்டு பேர். ஒருவர் டைரக்டர் சிரிப்பதற்கு முன் சிரிப்பார், இன்னொருவர் சிரித்த பிறகு. கூடவே ஒரு புகைப்படக்காரர். உறை கைகளைக் குவித்த வேகத்தில் கைக்கடிகாரத்தின் தாள் ஓரம் கிளம்பியது. அதை விரலால் நீவி ஒட்டிக்கொண்டார்.

அறிவியல் ஆசிரியன் ஆய்வகத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டான். கணினி அறை முடிந்தது. பூந்தொட்டிகள். நூலகம். மறுபடி பூந்தொட்டிகள், இந்த முறை இலைகளின் பயன். இசை அறையில் எல்லாக் கூட்டத்துக்கும் பாடுகிற அதே பாட்டின் அதே இரண்டு அடிகள். அதற்குள் பின்வாசல் திறந்து பிள்ளைகள் மூச்சு வாங்க உள்ளே வந்து அங்கிகளை மாட்டினார்கள். ஒரு அங்கி கதவிலேயே தொங்கியது. மூன்றாம் மேசை காலி.

"எங்கே அவ?" என்றான்.

குழுவின் தலைவி, தொண்டையின் காரணமாக சைரன் என்று அழைக்கப்படுகிறவள், முடிந்த அளவு மெதுவாகக் கத்தினாள். "சார், லைப்ரரியிலேயே உக்காந்துட்டா சார்! இசை அறைக்கும் வரல. வாடின்னு இழுத்தேன், கையைக் கடிக்க வந்தா!"

அவன் பின்வாசல் வழியாக வெளியே வந்தான். தொட்டிக்குப் பக்கத்தில் கணக்கு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்க பொண்ணு கதவை உள்ளே தாழ் போட்டுட்டா. நான் தட்டிப் பாத்துட்டேன். நீங்களாச்சு அவளாச்சு" என்றார். "சீக்கிரம் பாருங்க. பெட்டிக்காரங்க முன்வாசல்ல வந்து நிக்கறாங்க. டைரக்டர் திரையை இழுத்துக் கதவைத் திறந்தா உள்ளே இவ உக்காந்திருப்பா. முன்னாடியே பாத்த பிள்ளை, பூட்டின அறையில எப்படின்னு அந்த மண்டூகத்துக்கேகூட உறைக்கும்."

அவனும் தலையைக் குனிந்துகொண்டு ஓடினான். பிள்ளைகள் ஓடும் பாதையில் அன்றுதான் முதல்முறை ஓடுகிறான். உடைந்த பெஞ்சின் ஆணி ஒன்று சட்டையைக் கிழித்தது.

நூலகத்தின் பின் ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே மேசைக்கு அடியில் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை மாதிரி ஒரு புத்தகம்.

"கதவைத் திற."

"மாட்டேன் சார்."

"என்ன மாட்டேன்? உன் மேசை காலியாக் கிடக்கு. அந்த ஆள் வந்துட்டே இருக்கார்."

"இன்னிக்கு விட்டா அவ்வளவுதான் சார். பெட்டியில போட்டுடுவாங்க."

"எதை?"

அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். பச்சை அட்டை. அதன்மேல் ஒரு யானை, ரயில் பெட்டியின் கதவிலிருந்து எட்டிப் பார்க்கிற யானை.

அவனுக்கு அந்த யானையைத் தெரியும். போன வருடம் வீட்டில் பல நாட்கள் அது கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது. சர்க்கஸ் ரயில் ஒன்று மலை ஏறும்போது கடைசிப் பெட்டி கழன்றுவிடுகிறது. அதற்குள் ஒரு கிழட்டு யானையும் டிக்கெட் கிழிக்கிற ஒரு ஆளும். ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. அவன் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பான். மனைவி மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள், யானைக்கு ஒரு குரல், டிக்கெட் கிழிப்பவனுக்கு ஒரு குரல். அவள் போன பிறகு அவன் வீட்டிலிருந்த இரவல் பொருள்களையெல்லாம் ஒரே வேகத்தில் திருப்பிக் கொடுத்தான். பக்கத்து வீட்டு ஃப்ளாஸ்க், யாரோ தந்த போர்வை, பொது நூலகத்தின் புத்தகம்.

"அம்மா பாதிதான் படிச்சாங்க" என்றாள் மகள். "நீங்க திருப்பிக் கொடுத்துட்டீங்க."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். 'ம்'னீங்க."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த லைப்ரரியில நானே போய்க் கேட்டேன். யாரோ எடுத்துட்டுப் போய்த் தொலைச்சுட்டாங்களாம். கடையில அச்சுலயே இல்லைன்னுட்டாங்க. அப்புறம் ஒரு ஆய்வு அன்னிக்கு வராந்தாவுல போகும்போது பாத்தேன், இங்க கண்ணாடி அலமாரியில இருந்துச்சு. ஓட்டக்குழுவுக்கு மட்டும்தானே அலமாரியைத் திறப்பாங்க. டைரக்டர் உள்ளே வந்து போறவரைக்கும் படிக்கலாம். ஒவ்வொரு ஆய்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சுட்டு வர்றேன் சார்."

"அதுக்காகவா குழுவுல சேந்தே?"

"பின்ன? பிஸ்கட்டுக்கா?"

வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் அந்த இடத்தில் கண் கலங்கியிருக்கும். அவனுக்கு வரவில்லை. ஒரு பிள்ளை கதைப் புத்தகம் படிப்பதற்கு அதிகாரி வர வேண்டியிருக்கிறது என்று நினைத்தான். அந்தப் பள்ளியில் அவன் சம்பளம் வாங்குகிறான் என்றும் நினைத்தான். புத்தகத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம், ஆசிரியரின் பையைக் கொட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பெட்டியில் அடுக்கும்போது அலமாரியில் காலி இடத்தைப் பார்த்தால் உறை பள்ளியையே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார். முதலில் மாட்டுவது கடைசியாக உள்ளே இருந்தவள். தவிர, அந்த மாதிரி காரியத்துக்கெல்லாம் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஊரை இளக்காரமாகப் பார்ப்பதற்கு அது தேவைப்படாததால் அவனிடம் கைவசம் இல்லை.

"எவ்வளவு மிச்சம்?"

அவள் மிச்சப் பக்கங்களை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினாள். ஒரு அப்பளத்தின் கனம்தான் இருக்கும். ஆனால் ஆய்வகத்தைப் பார்க்கிற நேரத்துக்குள் முடிகிற கனம் இல்லை.

வராந்தாவில் உறை கடைசிப் பூந்தொட்டியை அறிமுகம் செய்வது கேட்டது.

"பெட்டி ரயிலைப் பிடிச்சுதா?" என்றான்.

மகள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்குக் கதை தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. "இன்னும் இல்ல சார்."

"சரி, படி. அவசரப்படாதே. முடிஞ்சதும் புத்தகத்தை இருந்த இடத்துல வச்சுட்டு ஆய்வகத்துக்கு வா. நான் அவங்களை அங்கயே வச்சிருக்கேன்."

"எப்படி சார்?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

டைரக்டர் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது அவன் கிழிந்த சட்டையை அங்கியால் மூடிக்கொண்டு நின்றான். பிள்ளைகள் கறுப்பு மூடிகளின்மேல் குனிந்திருந்தார்கள்.

"என்னம்மா தெரியுது?" என்றார் டைரக்டர்.

"செல் தெரியுது சார்!" என்றாள் சைரன். கண்ணாடிக் குடுவைகள் அதிர்ந்தன.

"நல்லது, நல்லது" என்று டைரக்டர் அதற்குள் வாசல் பக்கம் திரும்பிவிட்டார். உறை வழிகாட்டக் கையை நீட்டினார். இவ்வளவுதான் ஆய்வகம்.

"ஐயா" என்றான் அறிவியல் ஆசிரியன்.

அவன் குரலில் அப்படி ஒரு குழைவு இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. கணக்கு டீச்சர் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஐயா, எத்தனையோ பெரியவங்க இந்த ஆய்வகத்துக்கு வந்திருக்காங்க. எல்லாரும் பிள்ளைங்க எதைப் பாக்கறாங்கன்னு பாத்துட்டுப் போயிடுவாங்க. இன்னிக்கு உங்களையே பாக்கணும்னு பிள்ளைங்க ஆசைப்படறாங்க ஐயா."

"என்னையா?"

"உங்க செல்லை ஐயா. ஒரு பல்குச்சி போதும். கன்னத்துக்கு உள்பக்கம் லேசாச் சுரண்டினா வந்துடும். வலிக்காது."

டைரக்டர் துணை அதிகாரிகளைப் பார்த்தார். முன்னால் சிரிப்பவர் சிரித்தார். தன்னையே பார்ப்பதற்கு டைரக்டரை அதற்குமேல் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

அவன் அந்தக் கன்னத்தைச் சுரண்டினான். கண்ணாடிச் சில்லில் தடவினான். ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டான். காய வேண்டும் என்று சொல்லி நின்றான். காய்ந்த பிறகும் நின்றான். பிறகு கறுப்பு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மூடி!" என்று உறை அவன் காதில் சீறினார். "உள்ளே தூசி போயிடும்யா!"

"ஐயா மேலயா சார் தூசி?" என்று அவன் உரக்கவே கேட்டான். உறை பின்வாங்கினார்.

டைரக்டர் கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"நீலமா, தட்டையா, நிறைய இருக்கே. நடுவுல புள்ளி புள்ளியா என்னது?"

"உட்கரு ஐயா. மொத்த நிர்வாகமும் அதுக்குள்ளதான். மத்ததெல்லாம் அது சொல்றதைக் கேட்டு நடக்கும்."

"ஓ." டைரக்டர் மறுபடி குனிந்தார். "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா?"

மனசாட்சி உள்ள எந்த அறிவியல் ஆசிரியனும் இதற்கு ஒரே பதில்தான் சொல்ல முடியும். "இவ்வளவு தெளிவா எல்லாருக்கும் வராது ஐயா" என்றான் அவன்.

அது போதுமானதாக இருந்தது. முன்னால் சிரிப்பவர் தன் கன்னத்தைக் கொடுத்தார். பின்னால் சிரிப்பவர் விட்டுக்கொடுக்காமல் தன்னுடையதையும் கொடுத்தார். டைரக்டர் இரண்டையும் பார்த்து, "கொஞ்சம் சோர்வா இருக்கே இவங்களோடது" என்றார். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். புகைப்படக்காரர் கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாயைத் திறந்தார். பிறகு டைரக்டர், "தலைமையாசிரியரோடதையும் பாத்துடுவோம்" என்றார்.

உறை வாயைத் திறக்க யோசித்தார். பிறகு திறந்தார்.

"சுத்தி மெல்லிசா ஒரு கோடு தெரியுதே?" என்று கேட்டார் டைரக்டர்.

"அதுதான் ஐயா வெளி உறை. உள்ளே இருக்கறது சிதறாம அது பாத்துக்கும்."

பிள்ளைகளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மல் என்று வைத்துக்கொள்ளலாம். வரிசை அதற்குள் குலைந்திருந்தது. அவன் எல்லா நுண்ணோக்கிகளின் மூடிகளையும் கழற்றிவிட்டிருந்தான். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு அதிகாரிகளைப் பார்த்தார்கள். சைரன் கண்ணை வைத்தாள். வைத்தவள் தூக்கவில்லை.

"ஐயோ சார்! நெஜமாவே தெரியுது!"

உறையின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிற்று.

"தெரியாம பின்ன?" என்று டைரக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "என் செல் ஆச்சே!"

முன்னால் சிரிக்க வேண்டியவர் இந்த முறை தவறவிட்டுவிட்டார். சேர்த்துவைத்துச் சிரித்தார்.

பல்குச்சிகள் தீர்ந்துபோயின. பின்கதவில் அங்கி இன்னும் தொங்கியது. அவன் செல்கள் எப்படிப் பிரிகின்றன என்று கரும்பலகையில் படம் போட்டான். அவ்வளவு நல்ல படத்தை அவன் வகுப்பில் போட்டதில்லை. டைரக்டரின் கன்னம் இரவும் பகலும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதை விளக்கினான், அதை அவர் தன் பணித்திறனாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அவன் பேசினான். ஒரு வருடமாக "ம்" என்று சொல்லிச் சேமித்ததையெல்லாம் அந்த அறையில் கொட்டினான். பூந்தொட்டிகளுக்கு முன்னால் உறை பேசுவதையெல்லாம் ஏளனம் செய்தவன், அவரைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். வாயில் சொற்கள் வருவதையும், அவை எல்லாம் பொய்யும் முகஸ்துதியுமாக இருப்பதையும், அவை தடையில்லாமல் வருவதையும் கேட்டுக்கொண்டே நின்றான்.

கரும்பலகையில் இடமில்லாமல் அழிப்பானை எடுக்கத் திரும்பியபோது மூன்றாம் மேசையைப் பார்த்தான். மகள் அங்கே நின்றாள். அங்கியின் பொத்தான்கள் மேலும் கீழுமாக மாறிப் போட்டிருந்தன. கண்ணை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு யாரோ ஓர் அதிகாரியின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான் ஐயா" என்றான். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நூலக வாசலில் டைரக்டர் திரையை இழுத்தார். கதவு திறந்தது. ஆட்கள் பெட்டிகளோடு உள்ளே போனார்கள். பலகைக்கு முன்னால் நின்று டைரக்டர் ஒரு அறிவிப்புச் செய்தார். எல்லா நடுநிலைப் பள்ளிகளிலும் இனி "உன்னை நீ காண்" என்றொரு திட்டம். பார்வையிட வருகிற ஒவ்வொரு அதிகாரியின் கன்னச் செல்லையும் மாணவர்கள் பார்க்க வேண்டும். இந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர்தான் அதற்குப் பொறுப்பு. கைதட்டினார்கள். உறை அவனை இறுகத் தழுவிக்கொண்டு, காதில், "மூடிகளைக் கொடுய்யா முதல்ல" என்றார். கணக்கு டீச்சர் அருகில் வந்து, "பல்குச்சிக்கு உறை தைக்கச் சொல்லணும் இனிமே" என்றார். பிறகு அவனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "உங்களை என்னமோன்னு நினைச்சேன். எங்க எல்லாரையும் மிஞ்சிட்டீங்க."

பாராட்டா திட்டா என்று அவன் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

யானை போட்ட பச்சைப் புத்தகம் ஒரு ஆளின் கையிலிருந்து பெட்டிக்குள் போனதை மகள் பார்த்தாள். அதன்மேல் வேறு புத்தகங்கள் விழுந்தன. பிள்ளைகளின் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். எதுவும் இல்லை. பிஸ்கட் கொடுத்தார்கள்.

மாலையில் இருவரும் பள்ளி கேட்டை நோக்கி நடந்தார்கள். கேட்டுக்கு உள்ளே சாரிடம் பேச என்ன இருக்கிறது. கேட்டைத் தாண்டியதும் அவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவனிடம் நீட்டினாள். அவன் ஒன்று எடுத்துக்கொண்டான். நமுத்துப் போயிருந்தது.

"முடிச்சியா?"

"ம்" என்றாள் மகள்.

அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெருமுனை வரைக்கும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நடந்தான். பிறகு மறுபடி கேட்டான்.

"சொல்லேன். ரயிலைப் பிடிச்சுதா இல்லையா?"

"ரயிலே திரும்பி வந்துடுதுப்பா."

"யார் திருப்பிக் கொண்டுவந்தாங்க?"

"யாரும் இல்ல. தானா வந்துடுது. காரணமே கிடையாது. கடைசிப் பக்கத்துல ரயில் பின்னாடியே வந்து பெட்டியில இடிச்சு நிக்குது. எல்லாரும் இறங்கி யானையைக் கட்டிப்பிடிச்சுக்கறாங்க. பாட்டு வேற பாடறாங்க."

"யானை என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. அதுவும் ஆடுது."

அவன் நின்றான். இதற்காகவா ஒரு வருடம் குனிந்து குனிந்து ஓடினாள், இதற்காகவா அவன் அந்த வாய்க்குள்ளெல்லாம் குச்சியை விட்டான்.

"மட்டம்" என்றான்.

"படு மட்டம்" என்றாள் அவள். "போன ரயில் எங்கயாவது திரும்பி வருமாப்பா?"

"வராது."

"எழுதினவருக்கு அதுகூடத் தெரியல." அவள் இன்னொரு பிஸ்கட்டைக் கடித்தாள். "அம்மாவா இருந்தா அந்த ஆளை என்னென்ன கேட்டிருப்பாங்க."

"யானை குரல்ல கேட்டிருப்பா" என்றான் அவன்.

மகள் சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கனமான, மூக்கடைத்த, கிழட்டுக் குரலில் எழுத்தாளரைத் திட்ட ஆரம்பித்தாள். குரல் அப்படியே வந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வீடு வரைக்கும் திட்டினாள். டிக்கெட் கிழிப்பவனுடைய குரல் அவளுக்கு வரவில்லை. அதனால் அந்தப் பங்கை அவன் திட்டினான்.